செம்பருத்திக்கு ஊற்றிய மழை

சனிக்கிழமை தொடங்கிய மழை ஞாயிறு பிற்பகலிலும் ஓயவில்லை. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நாற்பது பேர் கூடியிருந்தனர். தலவாக்கலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் நிலக்ஷி, தான் பிறந்த தேயிலைத் தோட்டத்து மக்களோடு மழையைப் பற்றிப் பேச வந்திருந்தாள்.

"மழையப் பத்தி எங்களுக்கே பாடமா டீச்சர்? நாங்க நனையாத நாளச் சொல்லுங்க, அதப் படிக்கிறோம்" என்றான் ஜெயகாந்தன். மண்டபம் சிரித்தது.

நிலக்ஷியும் சிரித்தாள். தோட்ட அலுவலகத்திலிருந்து அவள் கொண்டுவந்த மழைப் புத்தகத்தின் பத்தாண்டுக் கணக்கு, தூணில் ஒட்டிய தாளில் நீலக் கோடுகளாய் நின்றது.

"பேயிற நாள் கொறஞ்சிருச்சு, பேஞ்சா மொத்தமா கொட்டுது. காத்து சூடாக ஆக, மேகம் கூடுதலா தண்ணி சொமக்கும். ஒரே நாள்ல நூத்தம்பது மில்லிமீட்டர் தாண்டுனா, சரிவுக்குக் கீழ இருக்கவங்க வெளியேறிரணும்."

"இன்னைக்கு எவ்வளவு?" என்றாள் மீனம்மா. சரிவின் அடியிலுள்ள பணிய லயத்து வரிசை வீடொன்றில் அவள் குடியிருந்தாள். சென்ற கார்த்திகையில் அச்சரிவின் ஒரு பகுதி இறங்கி, அவள் கணவன் அழகுமுத்துவை மூடியிருந்தது.

"காலையில நூறு" என்றார் பழனியாண்டி. தோட்ட அலுவலகத்து மழைமானியை அளந்து எழுதுபவர் அவர். அம்மனுக்குப் பூப் பறித்துத் தருபவரும் அவரே.

"அப்ப இருக்கலாம்" என்று பின்வரிசையில் யாரோ ஆறுதலாகச் சொன்னார்.

நிலக்ஷி தாளை உற்றுப் பார்த்தாள். "மாமா, பெரிய மழை பேஞ்ச ஏழு நாளும் சரியா நூறுலயே நிக்குதே. அழகுமுத்து அண்ணன் போன அன்னைக்கும் நூறுதான். அதெப்படி?"

"மானிக்குள்ள இருக்க போத்தல்ல நூறுதானே புடிக்கும்."

"மிச்சம்?"

"வெளி டின்னுல வழிஞ்சு நிக்கும். அது அளவுல சேராத தண்ணிதானேன்னு, சாயங்காலம் பூப் பறிக்கிறப்ப சாமி செம்பருத்திக்கு ஊத்திருவேன்..."

சொல்லி முடிக்கும் முன்பே அவர் குரல் தேய்ந்தது. அம்மனின் முடியில் முந்தைய மாலை பறித்த செம்பருத்தி சிவந்திருந்தது.

அன்றைக்கு இன்னும் ஊற்றாத டின்னை எடுக்க, பழனியாண்டி மழையில் இறங்கி ஓடினார். திரும்பியபோது டின்னின் வாயைத் தன் சட்டையால் மூடி, மார்போடு அணைத்திருந்தார். மண்டபத்துத் தரையில் அமர்ந்து, உடன் கொண்டுவந்த அளவுக் குவளையை நிறுத்தினார். டின்னைத் தூக்கியவர் மீண்டும் கீழே வைத்து, மீனம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னால முடியல தாயி. நீ ஊத்து."

மீனம்மா அருகில் வந்து குவளையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே ஊத்துங்க. சிந்தாம ஊத்துங்க."

பத்து மில்லிமீட்டர் பிடிக்கும் குவளை ஆறு முறை நிறைந்தது. எஞ்சியது நான்கு.

நூறோடு அறுபத்து நான்கு. எவரும் கூட்டிச் சொல்லக் காத்திருக்கவில்லை. ஜெயகாந்தன் பணிய லயத்தை நோக்கி ஓட, மற்றவர்கள் குழந்தைகளையும் முடியாதவர்களையும் மண்டபத்துக்குக் கொண்டுவர விரைந்தனர்.

பழனியாண்டி எழவில்லை. "அன்னைக்கு டின்னு நெறைய இருந்திச்சு தாயி."

மீனம்மா காலியான டின்னை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, நிலக்ஷி கொண்டுவந்திருந்த மழைப் புத்தகத்தை எடுத்து அவர் முன் விரித்தாள்.

"இன்னைக்குள்ளத எழுதுங்க. அப்புறம் அவரு போன அன்னைக்குள்ள பக்கத்தத் திருப்பி, டின்னு நெறைய இருந்திச்சுன்னு அதையும் எழுதுங்க."

அவர் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.