ஆடாத தலை

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு மேலிடத்தில் ஒரே ஒரு நல்ல பெயர் இருந்தது: தலையாட்டுவதில் கெட்டிக்காரர். உதவிக் கண்காணிப்பாளர் நாற்காலி காலியாகி ஒரு மாதம். யார் பெயரை மேலே அனுப்புவது என்று கண்காணிப்பாளர் இந்த வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். எழுத்தர் வீட்டில் அது எப்போதோ முடிவாகிவிட்டது. போட்டிக்கு இருந்த ஸ்டோர் கீப்பரும் தலையாட்டுவார்தான்; ஆனால் அனுபவம் போதாது.

இந்த நேரம் பார்த்தா டாக்டர் கழுத்தைச் சுற்றித் தாடை வரைக்கும் ஒரு பட்டையைக் கட்டி, "மூணு வாரத்துக்குத் தலையை மேலே கீழே அசைக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும்?

திங்கட்கிழமை கவுண்டரைத் திறந்ததும் ஒரு அம்மாள் மூச்சிரைக்க வந்தார். குழாய் உடைந்து அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீராம்.

"விலாசம் சொல்லுங்கம்மா."

"அது கெடக்கட்டும் தம்பி, கழுத்துல என்ன?"

"எலும்புத் தேய்மானம்மா."

"தேய்மானமா! எங்க சின்ன நாத்தனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில இடுப்பு போயிடுச்சு."

வீட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, நாத்தனாரின் இடுப்பு போன வரலாறு கால் மணி நேரம் ஓடியது. பின்னால் நின்றவர், "தலைகாணியைத் தூக்கிப் போடுங்க சார்" என்றார். அதற்கும் பின்னால் நின்றவர் கண்ணைச் சிமிட்டி, "வீட்டுல கொஞ்சம் பலமான அடியோ?" என்றார். ஒரு பலசாலி கவுண்டர் ஓட்டை வழியாகக் கையையே விட்டு, "ஒரே திருப்பு சார், சரியாயிடும்" என்றார். அத்தனை பேருக்கும் எழுத்தர் மரியாதையாக விளக்கம் சொன்னார். சாயங்காலம் கணக்குப் பார்த்ததில் ஒன்பது புகார்களும் நாற்பத்தொரு வைத்தியங்களும் பதிவாகியிருந்தன.

எழுத்தரின் மனைவி மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர். மனிதர்களின் ஆர்வத்தைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் கிடையாது.

"கேக்கறவங்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவீங்களா? ஒரே வரி சொல்லுங்க. 'அக்கறையா கேட்டதுக்கு நன்றி. உங்க புகாரைச் சொல்லுங்க.' அவ்வளவுதான். சண்டையும் வேணாம், கதையும் வேணாம்."

செவ்வாய்க்கிழமை அந்த வரி அற்புதமாக வேலை செய்தது. கேள்வியோடு வாயைத் திறந்தவர்கள், "ஆமா, நான் எதுக்கு வந்தேன்?" என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அன்று மட்டும் நூற்றுப் பதினாறு பேர். சாயங்காலத்துக்குள் அந்த வரி எழுத்தர் நினைக்காமலே வாயிலிருந்து வரப் பழகிவிட்டது.

புதன்கிழமை கூட்டம். கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் 'முகவுரை' என்று பெயர். "நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று தொடங்கினால் சொல்ல வந்தது வந்து சேர அரை மணி ஆகும். கடைசியில், "பதவிங்கறது பூமாலை இல்லை, பாரம். சுமக்கத் தயாரா?" என்று இருவரையும் பார்த்தார்.

ஸ்டோர் கீப்பரின் தலை கழன்று விழுகிற மாதிரி ஆடியது. எழுத்தரின் தலை தூண் மாதிரி நின்றது. "தயார் சார்" என்று வாயால் சொன்னார்தான். முகவுரைக்கு ஊழியர்களைக் கண்ணால் பார்த்துத்தான் பழக்கம், காதால் கேட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் மதியம், புகார்க்காரர்கள் ஓய்ந்த நேரம். எழுத்தர் எண் போட்ட புகார்ப் புத்தகத்தில் குனிய முடியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி எழுதிக்கொண்டிருந்தார். கவுண்டரில் நிழல் விழுந்தது.

"என்ன அது, கழுத்துல?"

"அக்கறையா கேட்டதுக்கு நன்றி. உங்க புகாரைச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை உயர்த்தியபோதுதான் தெரிந்தது, எதிரே முகவுரை.

முகவுரையோ அப்படியே நின்றார். அவரிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகவுரையே இல்லாமல் ஆரம்பித்தார்.

"தலைமைப் பொறியாளர்னு ஒரு மனுஷன் இருக்காரே, அவருக்குக் குழாய்க்கும் புல்லாங்குழலுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் உளர்றதுக்கெல்லாம் நான் தலையாட்டணும். வீட்டுக்குப் போனா, 'இன்னைக்கும் ஆட்டிட்டு வந்தாச்சா?'னு மச்சான் சிரிக்கறான்..."

புகார் என்று ஒன்று காதில் விழுந்தால் எழுத்தரின் கை தானாக எழுதும். படிவத்தில் இருந்ததோ நான்கே கட்டங்கள்: கசிவு, அடைப்பு, கலங்கல், அழுத்தம். கொஞ்சம் யோசித்து 'அழுத்தம்' கட்டத்தில் டிக் அடித்தார். கையெழுத்துக்கு நீட்டினார். முகவுரையும் பேச்சு வேகத்தில் போட்டுவிட்டார்.

"மனசு லேசாயிடுச்சு" என்று எழுந்தவர், "அப்புறம், அந்தப் பதவிக்கு ஸ்டோர் கீப்பர் பேரைத்தான் எழுதியிருக்கேன். நீங்க தலையாட்டலையே" என்றார். பிறகுதான் எழுத்தர் கிழித்துக் கையில் கொடுத்திருந்த வெள்ளைப் பிரதியைப் பார்த்தார். "என்னய்யா இது?"

"உங்க ரசீது சார். மஞ்சள் பிரதி சாயங்காலம் தலைமைப் பொறியாளருக்குப் போயிடும்."

"கிழிங்க அதை!"

"எண் போட்ட புத்தகம் சார். எழுதினது தப்புன்னு உதவிக் கண்காணிப்பாளர் கையெழுத்து போட்டாத்தான் ரத்து பண்ண முடியும். அந்த நாற்காலிதான் காலியா இருக்கே."

எழுத்தர் விதியைத்தான் சொன்னார். அதற்குள் என்ன இருக்கிறது என்பது சொல்லி முடித்த பிறகே அவருக்கு உறைத்தது.

முகவுரை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "உங்க பேரையே போட்டுடறேன். சரியா?"

தலை அசையவில்லை.

"இன்னைக்கே உத்தரவு. போதுமா?"

தலை அசையவில்லை.

"ஜன்னல் வச்ச ரூமும் உங்களுக்குத்தான்! இன்னும் என்னய்யா வேணும்? தலையாட்டித் தொலைங்களேன்!"

"சரி சார்" என்றார் எழுத்தர்.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று முகவுரை சுற்றுமுற்றும் பார்த்தார்.