ஆய்வேட்டுக்குத் தொட்டுக்கொள்ள பக்லாவா

...ஆய்வேட்டுத் தேர்வென்றால் நடுவர்களுக்குப் பலகாரம் வைப்பது ஊர் வழக்கம், அதுவும் கடையில் வாங்கக் கூடாதாம், நடுவர்கள் வாயில் கடைப் பக்லாவா போனால் குடும்ப மானம் கான்ஸ்டன்டைன் நகரப் பாலத்திலிருந்து குதித்துவிடுமாம், மாமியார் லல்லா ஃபத்தூமாவின் தீர்ப்பு. டிராமில் மடியில் ஒரு பக்லாவாத் தட்டு, காலடியில் இரண்டு என்று வஹீபா உட்கார்ந்திருந்தாள், பத்து மணிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, நேற்று முழுக்க அவள் புரட்டியது ஆய்வேட்டை அல்ல, பாதாமை... ஆபரேஷனுக்குப் போகிறவனிடம் டாக்டருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வா என்று எவனாவது சொல்வானா? ஆய்வுத் தலைப்பு வேறு, பெண்களின் கணக்கில் வராத வீட்டு வேலை, யாருக்காவது சிரிப்பு வருகிறதா? வழிகாட்டி பூஅலாம் போன வாரம் கூப்பிட்டார், ஐந்தாம் இயலைப் பற்றித்தான் என்று ஓடிவந்து எடுத்தால், 'வெளியூர் நடுவருக்கு அக்ரூட் ஒத்துக்காதும்மா, பாதாமே போட்டுடு', அவ்வளவுதான், ஐந்தாம் இயலில் அக்ரூட் இருந்திருந்தால் படித்திருப்பாரோ என்னவோ. தலைமையாசிரியர் அரை நாள்தான் லீவு கொடுத்தார், 'காலைல டாக்டராயிட்டு மத்தியானம் எட்டாங்கிளாஸுக்கு வந்துடுங்க டீச்சர்'. கணவன் நதீர் நல்லவன், ஊரே சொல்கிறது, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு 'உனக்கு ஹெல்ப் பண்றேன்ல?' என்பான், பிள்ளை என்ன பக்கத்து வீட்டுக்காரனுடையதா?

எதிர் இருக்கை அம்மாள் தட்டையே பார்த்தாள். 'கல்யாணமா கண்ணு?' 'இல்லம்மா, டாக்டர் பட்டம்.' 'மாஷா அல்லாஹ்! பாகு யாரு காய்ச்சினது, வாசனை தூக்குதே?' 'நான்தான்' என்றாள் வஹீபா, ஒரு கோபத்தில், இன்றைக்கு ஒரு பாராட்டாவது தன் பெயருக்கு வரட்டுமே... பைக்குள் கைவிட்டாள். பேச்சுத் தாள்கள் இல்லை. வீடே கூடி நின்று தட்டுகளைச் சரிபார்த்தது, தாள்கள் சமையலறை மேசையில். முதல் வரியை யோசித்தாள், பாகுப் பதம்தான் ஞாபகம் வந்தது, முதல் வரியே வராவிட்டால் இத்தனை வருஷமும்...

வீட்டுக்குப் போன் போட்டாள். 'அத்தை, மேசை மேல இருக்கற தாளை எடுத்து முதல் வரி மட்டும் படிங்க.' 'நானா? எழுத்துக்கூட்டித்தாண்டி படிப்பேன், அப்புறம் சிரிக்கக் கூடாது.' பள்ளிவாசல் வகுப்பில் போன வருஷம்தான் எழுத்துப் படித்தவள், ஒவ்வொரு சொல்லாக வந்தது, 'கணக்கில்... வராத... வேலையைச் செய்பவரிடம்... எவரும்... எதுவும்... கேட்பதில்லை...' அதே வரியை இன்னொரு தரம் எழுத்துக்கூட்டினாள். 'அத்தை?' 'ஏண்டி, இது உன்னைப் பத்தியா, என்னைப் பத்தியா?'

நடுவர்கள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் வஹீபா பதில் வைத்திருந்தாள். ஊரெல்லாம் அலைந்து எத்தனை பெண்களைப் பேட்டி எடுத்தாள், அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தையை மட்டும்... பாகை வஹீபா தொட்டதே இல்லை, அத்தை தொட விட்டதும் இல்லை. எதிர் இருக்கை அம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், கைமணம்டி உனக்கு, என்று. பல்கலைக்கழக நிறுத்தம் வந்துவிட்டது.