ஒரு மணிக்குப் பிறகு விரிந்த ரோஜாக்கள்

மாசி பிறக்கும்வரை கெலவரப்பள்ளி அணைப் பக்கமிருந்து வரும் பனி அந்தப் பூப்பண்ணையின் மேலேயே கிடக்கும். காலையில் பாலிஹவுஸுக்குள் நுழைந்தால் பாலுக்குள் நிற்பதுபோல இருக்கும். மேலே வெள்ளை பிளாஸ்டிக் கூரை, கீழே வரிசை வரிசையாகச் சிவப்பு மொட்டுகள். ரூபியும் அவள் கணவன் எட்சனும் அடுத்தடுத்த வரிசைகளில் வெட்டிக்கொண்டு போவார்கள். முகம் தெரியாது. கத்தரிச் சத்தத்தை வைத்துத்தான் பக்கத்தில் இருப்பதை அறிவார்கள்.

நாள் கூலி ஆணுக்கு அறுநூறு, பெண்ணுக்கு நானூறு. ஆண்கள் மருந்து அடிப்பதும் மூட்டை தூக்குவதும்தான் காரணம் என்பார்கள். பூ வெட்டும் பருவத்தில் மூட்டையும் இல்லை, மருந்தும் இல்லை. எல்லோர் கையிலும் ஒரே கத்தரி. ரூபி அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் எட்சன் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டான். சூப்பர்வைசர் கங்கப்பன் அவன் வரிசையை ரூபிக்குக் கொடுத்தார். அவள் வரிசைக்கு வேறு பெண் வந்தாள். எட்சன் வெட்டும் அளவுக்கு ரூபியும் வெட்டினாள். சனிக்கிழமை கைக்கு வந்தது பழைய கூலிதான்.

"அவரு வரிசையத்தானே சார் நான் பார்த்தேன்?"

"வரிசை அவனோடதும்மா. கை உன்னோடதாச்சே" என்றார் கங்கப்பன். சிரிப்பில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவள் தன் கையைப் பார்த்தாள். முள் கீறிய கைதான். எட்சன் கையும் அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை எட்சனும் வேலைக்குத் திரும்பினான். ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் ரூபி ரோஜா வரிசைகளுக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, முடியலையா?" என்றாள் ரஞ்சிதா. மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"நல்லாத்தான் இருக்கேன். ஏழு மணிக்கு வந்தோம். நாலு மணி வரைக்கும் வெட்டினா ஆம்பளைக்கு அறுநூறு. நானூறுக்கு உண்டான வேலை ஒரு மணியோட முடிஞ்சுபோச்சு."

ரஞ்சிதா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. கூரை வழியாக வெளிச்சம் மாவுபோல இறங்கியது. வெட்டாத மொட்டுகள் சூட்டில் மெல்ல இளகத் தொடங்கின. முதலில் ஓர் இதழ், பிறகு அதன் பின்னாலிருந்து இன்னொன்று. இத்தனை வருஷத்தில் அவர்கள் யாரும் அங்கே ஒரு ரோஜா முழுசாக விரிந்து பார்த்ததில்லை. விரிந்த பூ வெளிநாட்டுக்குப் போகாது. அதற்கு முன்பே வெட்டியாக வேண்டும். இப்போது சுற்றிலும் ஆயிரம் பூக்கள் வாய் திறந்தன. வாசனையில் ஒருத்திக்குக் கண் செருகியது.

ஆண்கள் தங்கள் வரிசைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எட்சன் ஓடி ஓடி வெட்டினான்.

"ரூபி, எந்திரி. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க."

"பாக்கட்டுமேங்க."

"எனக்கு அவமானமா இருக்கு."

"எதுங்க அவமானம்? நான் உக்காந்ததா, உங்களுக்கு இருநூறு கூட வர்றதா?"

அவன் மறுபடி வெட்டப் போனான். கை எட்டும் முன்பே பூக்கள் விரிந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்கு அவன் வரிசையிலும் மொட்டே இல்லை. கத்தரியைத் தரையில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

கங்கப்பன் கத்திக்கொண்டு வந்தார். கோபத்தில் அவருக்குத் தெலுங்குதான் வரும். ஆனால் உள்ளே கால் வைத்தவர், அத்தனை விரிந்த பூவையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். அப்புறம்தான் பெங்களூரில் இருக்கும் முதலாளிக்குப் போன் செய்தார்.

மறுநாள் முதல் வெட்டுகிறவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, ஒரே கூலி அறுநூறு என்றானது. பேக்கிங்கில் இருந்த பெண்களுக்கு மாறவில்லை. பருவம் முடிந்ததும் ரஞ்சிதாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்தாள். ரூபி பேக்கிங் பெண்களோடு சேர்ந்து முதலாளியைப் பார்க்க இரண்டு முறை போனாள். இரண்டாவது முறை எட்சனும் போனான். பேசவில்லை, அவள் பின்னால் நின்றான். முதலாளி யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

திரும்பும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே எட்சன் கேட்டான். "அன்னைக்கு உள்ள உக்காந்திருந்தியே, பயமா இல்லையா?"

"இருந்துச்சு" என்றாள் ரூபி. "ஆனா எந்திரிக்க மனசு வரல. அவ்வளவு அழகா இருந்துச்சுங்க."