யாத்விகாவின் ஜன்னலோர மேசை

லுப்ளின் நகரத்தின் பழைய பகுதியில், யாத்விகாவின் உணவகத்து ஜன்னலோர மேசையில் உட்காரும் உள்ளூர்க்காரர்கள் அடுத்த நொடியே தெருவில் நிற்பார்கள். கோட்டுக்குப் பொத்தான் போட்டிருக்கும், தொப்பி தலையில் இருக்கும். கையில் பிடித்திருந்த கரண்டி மட்டும் மேசையிலேயே தங்கிவிடும். கதவு திறந்ததை யாரும் பார்த்ததில்லை. முதலில் அப்படி வெளியே போனவர் தபால் நிலைய மேலாளர், அடுத்து பாதிரியார். பிறகு யாத்விகாவின் கணவர் ஹென்ரிக் தானே உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தெருவிலிருந்து கண்ணாடியைத் தட்டி, "என்னடி இது, சொந்தக் கடையிலேர்ந்தே என்னைத் தொரத்துறியா?" என்று கத்தினார். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். யாத்விகா சிரிக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய வாரம், பனியும் மழையும் கலந்து கொட்டிய ஒரு மதியம், ஜார்ஜியாவிலிருந்து படிக்க வந்து அன்று காலைதான் ஊரில் இறங்கிய நத்தேலா என்ற பெண், சுருட்டிய மெத்தையோடு உள்ளே வந்தாள். செருப்பிலிருந்து சேற்றுநீர் சொட்டியது. கடை முக்கால்வாசி காலி. ஆனால் தரையை அப்போதுதான் மெழுகித் தேய்த்திருந்தார்கள். சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் மனைவியின் பெயருக்குரிய புனிதரின் திருநாள் விருந்து வேறு. "ஒரு சூப் போதும்மா, மழை விடுற வரைக்கும்," என்றாள் அந்தப் பெண், புது மொழியில் தட்டுத் தடுமாறி. யாத்விகா கல்லாவுக்கு அடியிலிருந்து 'முன்பதிவு' என்று எழுதிய பித்தளைப் பலகையை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்து, அவள் கண்ணெதிரே ஜன்னலோர மேசையில் வைத்தாள். "எல்லா மேசைக்கும் முன்னாடியே சொல்லி வெச்சுட்டாங்கம்மா," என்றாள். இனிமையாகத்தான் சொன்னாள், பின்னாளில் அதை நினைத்துத்தான் அதிகம் கூசிப்போனாள். 'விருந்தாளி வந்தால் கடவுள் வந்த மாதிரி' என்று அவளே பூத்தையல் போட்டு மாட்டிய துணி தலைக்கு மேலே தொங்கியது. நத்தேலா காலி நாற்காலிகளை ஒருமுறை பார்த்தாள், நன்றி சொன்னாள், போனாள்.

அன்றிலிருந்து அந்தப் பலகையை யாராலும் எடுக்க முடியவில்லை. கடையில் ஆளில்லாத ஒரு காலையில் யாத்விகாவும் அந்த மேசையில் உட்கார்ந்தாள். மறுகணம் தெருவில் நின்றாள். உள்ளே மஞ்சள் விளக்கு, அடுப்பிலிருந்து ஆவி. வெளியிலிருந்து பார்த்தால் காலி நாற்காலிகள் எவ்வளவு நன்றாகத் தெரிகின்றன என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெண் ஒரே ஒரு முறை அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும், நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது. ஹென்ரிக்கிடம்கூடச் சொல்லவில்லை.

வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்களை மேசை ஒன்றும் செய்வதில்லை என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. அதன்பின் ஊரே அதற்குப் பழகிக்கொண்டது. புதியவர்கள் வழி கேட்டால், ஆடிப்பாட நகர மண்டபத்துக்கு அடியிலுள்ள நிலவறை மதுக்கடைக்கும், கால் நீட்டிப் படுக்க ஏரிக்கரைப் புல்வெளிக்கும், சாப்பிட யாத்விகாவின் ஜன்னலோரத்துக்கும் போகச் சொன்னார்கள். அவள் அவர்களுக்குக் கொழுக்கட்டையை இரட்டிப்பாக வைத்தாள். ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள். கஜகஸ்தான் மாணவன் ஒருவன், தான் ஊருக்கு வந்த இரண்டாம் வசந்தத்தில், பேருந்து தாமதத்தை லுப்ளின்காரர்களைப் போலவே திட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தெருவில் போய் நின்றான். நண்பர்கள் அவனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். மேசை வெளியேற்றினால் ஊர்க்காரன் ஆகிவிட்டதாகக் கணக்கு.

வருடங்கள் போயின. யாத்விகாவின் கடைவாய்ப்பல் ஆடியபோது, புதிதாகத் திறந்த பல் மருத்துவமனைக்குப் போனாள். பல்லைப் பிடுங்கிய பெண் மருத்துவர், "நன்றிம்மா," என்று சொன்ன விதத்தில் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மரத்துப்போன வாயில் பஞ்சோடு, எச்சில் ஒழுக, எல்லாவற்றையும் கொட்டினாள். நத்தேலா பொறுமையாகக் கேட்டாள்.

"எந்தக் கடைம்மா உங்களுது? அன்னைக்கு அந்தத் தெருவுல நாலஞ்சு பேரு அதையேதான் சொன்னாங்க. நான் யாரைன்னு ஞாபகம் வெச்சுக்கிறது?"

திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது யாத்விகாவுக்கு. "ஒரே ஒரு தடவை வந்து சாப்பிட்டுட்டுப் போ கண்ணு. எனக்குச் சோறு எறங்கல," என்றாள்.

முதல் ஈரப்பனி விழுந்த நாளில் நத்தேலா வந்தாள். ஹென்ரிக் மெழுகுவர்த்தி ஏற்றினார். யாத்விகா புளித்த ரை தானிய மாவுச் சூப்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள். நத்தேலா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சுவடு தெரிவதற்குள் தெருவில், கழுத்தில் சிவப்புத் துணி சுற்றியபடி நின்றாள். "ஐயையோ, நானும் ஊர்க்காரி ஆயிட்டேன்!" என்று கண்ணாடிக்கு வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

யாத்விகா கிண்ணத்தோடு ஜன்னலருகே போனாள். "அட, நடு மேசைல உக்கார வையேன்," என்றார் ஹென்ரிக். நடு மேசையில் அவளை அந்த மழை நாளிலேயே உட்கார வைத்திருக்கலாம். யாத்விகா கிண்ணத்தோடும் கரண்டியோடும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கிண்ணம் அவளோடு தெருவுக்கு வந்தது. கரண்டி வழக்கம்போல் உள்ளேயே இருந்தது. அதனால் இருவரும் பனியில் நின்றபடி, கிண்ணத்தை மாற்றி மாற்றி வாயில் வைத்துக் குடித்தார்கள்.

"உப்பு தூக்கல்மா."

"அப்படியா? மன்னிச்சுக்கோ."

"உப்புக்குத்தானே?"

யாத்விகா கிண்ணத்தை மறுபடி அவளிடம் நீட்டினாள்.

இப்போதும் ஒவ்வொரு ஆண்டும் முதல் ஈரப்பனி நாளில் அந்த நடைபாதையில் இருவர் ஒரே கிண்ணத்தில் சூப் குடிப்பதைப் பார்க்கலாம். போகிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவார்கள். யாத்விகா எப்போதும் நத்தேலாவைத்தான் முதலில் குடிக்க விடுவாள். பலகை இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில், அன்று ஊரில் இறங்கிய யாரோ ஒருவர், ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு அவசரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.