இரண்டாம் பக்கம்

பிரின்ட் பொத்தானைத் தட்டிவிட்டு ஜெனீன் எழுந்துபோய் நடைவழியில் இருந்த பிரின்டர் முன்னால் நின்றாள். அது அசையவில்லை. தட்டில் தாள் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது, சத்தத்தை மட்டும் காணோம். பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இருக்கைக்குத் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். நான்கு பக்கங்கள் அச்சாகிவிட்டன என்றது திரை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அச்சான இடம்: பிண்டில்லா டிப்போ, டீ அறை.

ஜெனீன் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

பிண்டில்லா அங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். அவள் வேலை பார்க்கும் உள்ளாட்சி கவுன்சிலின் சாலைப் பணியாளர்கள் இருக்கும் டிப்போ. அச்சான நான்கு பக்கமும் டீகன் என்ற பெண்ணின் வாடகை ஒப்பந்தம். கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவில் இருக்கும் ஜெனீன் பதினோரு மாதம் நாயாய் அலைந்து, ஐந்து மணி நேரத் தொலைவில் ஒரு கடலோர ஊரில் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பிடித்துக் கொடுத்த வீடு. அவர்கள் அங்கே குடிபோய் மூன்று வாரம்தான் ஆகிறது. முதல் பக்கத்தில் வெறும் விதிமுறைகள். மூன்றும் நான்கும் அதே கதை. இரண்டாம் பக்கத்தில்தான் பெயர், கதவு எண், தெரு எல்லாம். அந்த முகவரி ஊர் உலகத்தில் யாருக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை, டீகனின் புருஷன் வாரிக்குக்கு மட்டும் தெரியக்கூடாது. அவன் அவளை நெருங்கவே கூடாது என்று நீதிமன்ற உத்தரவே இருந்தது. வாரிக் பிண்டில்லா டிப்போவில்தான் மண்சாலையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டுகிறான்.

அதுவும் மழை நாள். இரண்டு நாளாகக் கொட்டுகிறது. கரிசல் மண் நனைந்தால் கிரேடர் இறங்காது. காலை ஏழு மணியிலிருந்து அத்தனை பேரும் டீ அறையில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வம்பை அவள் தன் கையாலேயே தேடிக்கொண்டாள் என்பதுதான் கொடுமை. ஆறு மாதம் முன்புவரை மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய சர்வர் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பதினோரு அலுவலகத்தின் அச்சு வேலையையும் கிளவுடுக்கு மாற்றினார்கள். எந்த லேப்டாப்பிலிருந்தும் எந்த பிரின்டருக்கும் போகும். ஆனால் அந்த பிரின்டரின் முன்னால் போய் நின்று, உங்கள் அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும். அது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. ஜெனீன் வாரத்தில் மூன்று நாள் அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வருவாள். "ஏன் வைசாலே, நான் என்ன ராணுவ ரகசியமா அடிக்கிறேன்?" என்று கணினிப் பிரிவு வைசாலேவின் உயிரை வாங்கி, தனக்கு மட்டும் அட்டை வேண்டாம் என்று மாற்ற வைத்தாள். இந்தத் திங்கட்கிழமை ஊழியர் பிரிவில் ஆளில்லாததால் பிண்டில்லாவுக்குப் போய், அங்கிருப்பவர்களுக்குப் புதிய விடுப்புப் படிவத்தைச் சொல்லிக்கொடுத்தாள். வருகைத் தாள் ஒன்றை டீ அறை பிரின்டரில் அடித்தாள். கடைசியாக எங்கே அடித்தாளோ அதையே லேப்டாப் நினைவில் வைத்துக்கொண்டது. செவ்வாயும் புதனும் அவள் எதையும் அச்சடிக்கவில்லை. இன்று வியாழன்.

வைசாலே ஃபிஜிக்காரன். கதவை அடைக்கிற உடம்பு, பேச்சு மட்டும் மெதுவாக வரும். அவள் சொன்னதைக் கேட்டதும் அவனும் வெளிறிப்போய் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

"ஒம்பது பன்னெண்டுக்கு வெளிய வந்துடுச்சு, நாலு பக்கமும்" என்றான்.

"திரும்ப இழுத்துடேன். உன் கிளவுட்லதான் எல்லாம் நடக்குதுன்னு பீத்திக்குவியே."

"கிளவுட்ல இருந்திருந்தா புடிச்சிருப்பேன், ஜெனீன். இப்ப அது பேப்பராயிடுச்சு."

"அப்ப என்னதான் பண்ணுவ?"

"அந்த மெஷினைப் பூட்டிட்டேன். இனி யாரும் அதுல காப்பி எடுக்க முடியாது, ஸ்கேன் பண்ண முடியாது."

"போன்ல படம் எடுத்தா?"

"அதுக்கு என்கிட்ட பூட்டு இல்ல."

டிப்போவுக்குத் தொலைபேசியில் சொல்லவும் வழியில்லை. தொலைபேசி அதே டீ அறைச் சுவரில் தொங்குகிறது. கை எட்டுகிறவன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைப்பான். ஒரு தாளைப் பார்க்காமல் எடுத்து வையுங்கள் என்றால், பார்க்காமல் எடுத்து வைக்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. மேற்பார்வையாளர் ட்ரெவ் வாரிக்கின் அக்காள் புருஷன். அந்த ஊரில் இருக்கிற ஒரே போலீஸ்காரர் சனிக்கிழமைகளில் வாரிக்கோடு கிரிக்கெட் ஆடுகிறவர்.

"நேர்ல போறேன்" என்றாள் ஜெனீன்.

வைசாலே மேசையிலிருந்து நான்கைந்து தாள்களை எடுத்து நீட்டினான். பிரின்டரில் அட்டையை எப்படிக் காட்டுவது என்று அவன் படம் போட்டு எழுதிய விளக்கத் தாள். "இதை ஒட்ட வந்தேன்னு சொல்லு" என்றான்.

காரில் ஏறியதும் டீகனை அழைத்தாள். நடந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னாள். மறுமுனையில் டீகன் திட்டவில்லை, அழவில்லை.

"பிள்ளைங்களை ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கிறேன். கார்லயே இருக்கேன்" என்றாள். "தாள் கிடைச்சதும் சொல்லு. யாரும் பாக்கலைன்னா வீட்டுக்குப் போறேன். பாத்திருந்தா இப்படியே வேற மாநிலத்துக்குப் போயிடறேன்."

"அவ்வளவு தூரம் போகாது, டீகன்."

"நேத்துதான் திரைச்சீலை மாட்டினேன்" என்றாள் டீகன். வைத்துவிட்டாள்.

அந்த ஒரு மணி நேர ஓட்டத்தில் ஜெனீனுக்கு நினைவில் வந்ததெல்லாம் டீகன் முன்பு சொன்ன பஸ் டிக்கெட் கதைதான். ஓடிப்போவதற்காக அவள் மாவு டப்பாவில் ஒளித்துவைத்த டிக்கெட்டை வாரிக் கண்டுபிடித்துவிட்டான். மூச்சு விடவில்லை. எட்டு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டான், சிரித்தான், பாத்திரம் கழுவிக் கொடுத்தான். எட்டாம் நாள் அவள் பிள்ளைகளோடு பஸ் நிலையத்துக்குப் போனபோது, அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமோடு. வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு நடந்தது மருத்துவமனைக் கோப்பில் இருந்தது. ஜெனீன் அதைப் படித்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் சத்தமே அவளுக்குப் பயமாக இருந்தது. பதினோரு மாதத்து உழைப்பு, மூன்று உயிர், எல்லாம் தன் ஒரு சோம்பலுக்குப் பலியாகப் போகிறதே என்று நினைக்க நினைக்கத் தன் கன்னத்தில் தானே அறையலாம்போல் இருந்தது.

டிப்போவின் தகரக் கூரையில் மழை பேய்மழையாக அடித்துக்கொண்டிருந்தது. டீ அறைக்குள் ஐந்து பேர். தக்காளி சாஸ் வாசனையும் ஈர பூட்ஸ் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. ட்ரெவ்தான் முதலில் பார்த்தார்.

"அடடே, ஹெட் ஆபீஸ் மகாராணி! எங்களுக்கு லீவு ஃபாரம் நிரப்பத் தெரியாதுன்னு மழையில ஓடி வந்துட்டீங்களா?"

"பிரின்டர் பக்கத்துல இதை ஒட்டச் சொன்னாங்க" என்று தாளைக் காட்டினாள்.

"பிரின்டரே செத்துப் போச்சு. ஒம்பதரையிலேர்ந்து காப்பி எடுக்க விடமாட்டேங்குது" என்றார் நோயல் என்ற பெரியவர், வாய் நிறைய இறைச்சிப் பலகாரத்தோடு.

வாரிக் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சிவந்த தாடி, சுத்தமாக வெட்டிய நகம். அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான்.

பிரின்டர் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. தட்டில் தாள்கள் கவிழ்ந்து கிடந்தன. மெல்ல எடுத்துப் புரட்டினாள். ஒன்று. மூன்று. நான்கு. மறுபடியும் பார்த்தாள். இரண்டு இல்லை. இருந்த மூன்றையும் கைப்பையில் திணித்துக்கொண்டாள்.

விளக்கத் தாளைச் சுவரில் ஒட்டுகிற சாக்கில் கண்ணால் அறையைத் துழாவினாள். குப்பைக் கூடையில் பலகார உறைகள். ஃபிரிட்ஜ் கதவில் கிரிக்கெட் அட்டவணை. தரையில் ஒன்றுமில்லை. யாரிடமாவது கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். ஒட்டுநாடாச் சுருள் நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்தாள்.

மேசையின் ஒரு காலுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாள் செருகியிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூலையில் 'பக்கம் 2' என்று இருந்தது.

யோசிக்கவே இல்லை. இழுத்துவிட்டாள். மேசை சாய்ந்தது, ட்ரெவின் டீ சீட்டுக்கட்டின் மேல் கவிழ்ந்தது.

"ஐயோ, என் கையில நாலு ராஜா இருந்துச்சு!" என்று நோயல் கத்தினார்.

"போன ஆட்டத்துலயும் உன்கிட்ட நாலு ராஜாதான்" என்றார் ட்ரெவ். எல்லாரும் சிரித்தார்கள்.

வாரிக் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றான். "அதை ஏங்க எடுத்தீங்க? நான்தான் காலைல வெச்சேன். இந்த மேசை கிடந்து ஆடுது." கையை நீட்டினான். "குடுங்க, திரும்ப வெச்சிடறேன்."

ஜெனீன் தாளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"இது... இது பழைய ஃபாரம்ங்க. திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. இதை வெச்சுக்கோங்க, கெட்டித் தாள்" என்று மிச்சமிருந்த விளக்கத் தாள் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள்.

வாரிக் வாங்கிக்கொண்டான். வாங்கியவன் மடிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தலைப்பிலிருந்து படிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு வரியாக, அவசரமே இல்லாமல், கடைசி வரிவரை படித்தான். பிறகு ஓரத்தோடு ஓரம் பொருத்தி நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் நீவினான். குனிந்து மேசைக்காலுக்கு அடியில் செருகி, ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"நல்லா புரியற மாதிரி எழுதியிருக்காங்க" என்றான் அவளிடம். "பாத்து ஓட்டுங்க. ரோடு வழுக்கும்."

காருக்குள் வந்து கதவைப் பூட்டினாள். தாளைப் பிரித்தாள். டீகனின் பெயர், பிள்ளைகளின் பெயர், கதவு எண், தெரு. எதுவும் கசங்கவில்லை, மடிப்புகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. டிப்போ கண்ணுக்கு மறையும்வரை ஓட்டிப்போய், ஓரமாக நிறுத்தி, டீகனை அழைத்தாள்.

"கிடைச்சிடுச்சு" என்றாள்.

"எங்க இருந்துச்சு?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும். பிரின்டரிலேயே இருந்தது என்று சொன்னால் போதும். அவள் வீட்டுக்குப் போவாள், திரைச்சீலை இருக்கும், பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போவார்கள். ஜெனீனுக்கும் நிம்மதி. அந்தப் பொய்யைச் சொல்ல அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"மேசைக் காலுக்கு அடியில. நாலா மடிச்சு" என்றாள்.

"யாரு மடிச்சது?"

"வாரிக்."

மறுமுனையில் ஒரு பெண்குழந்தை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"மடிக்கிறதுக்கு முன்னாடி பாத்தானா, ஜெனீன்?"

"தெரியல. முகத்துல ஒண்ணும் தெரியல. ரொம்ப மரியாதையாத்தான் பேசினான்." ஜெனீன் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா அதுக்குப் பதிலா நான் வேற ஒரு தாள் குடுத்தேன். அதை முழுசாப் படிச்சிட்டுத்தான் மடிச்சான்."



"பஸ் டிக்கெட் ஞாபகம் இருக்கா?" என்றாள் டீகன்.

"இருக்கு."

"அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்று குழந்தை கேட்டது அந்தப் பக்கம். டீகன் அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று ஜெனீன் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஷார்னி, பெல்ட் போடு. ரொம்ப தூரம் போகணும்" என்றாள் டீகன்.