அறைச் சத்தம்

யூனிட்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘உஷ்’. சவுண்டு ரெக்கார்டிஸ்டுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வைத்துவிட்டுப் போகட்டும். யாராவது இருமினால் முறைப்பேன், செருப்பு சரசரத்தாலும் முறைப்பேன். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கதவைச் சாத்தி, எல்லாரையும் வாய்மூட வைத்து, வெறும் அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்வேன். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அதுதான் உதவும்.

சின்னப் படம், விரல்விட்டு எண்ணும் ஆட்கள். கதை டைரக்டரின் அக்காவுடையது. ஒரு தீ விபத்தில் திறக்காத கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவள். உடம்பு ஆறிவிட்டது, மனசு ஆறவில்லை. வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடமாட்டாள், குளியலறைக்குக்கூடத் திரைதான். படப்பிடிப்புக்குத் தினமும் வருவாள். நான் கதவைச் சாத்துவதற்கு முன்னால் டைரக்டர் அவளை வெளியே அழைத்துப் போய்விடுவான்.

அன்று கடைசிக் காட்சி. நாயகி கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். டைரக்டர் ‘கட்’ சொன்னதும் அக்கா பொரிந்து தள்ளினாள்.

“என்னடா தம்பி இது? நான் எப்ப இப்படித் தூங்கினேன்?”

“பாக்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணாமாக்கா?”

“அதுக்கு என் கதைதான் கிடைச்சுதா? இந்தப் பொய்யோட படம் வெளிய வந்துச்சு, என் முகத்துலயே முழிக்காத!”

அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“உங்க பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கோங்க. உஷ்!”

கதவைப் படாரென்று சாத்தி ஹெட்ஃபோனை மாட்டினேன். அக்கா உள்ளேதான் இருக்கிறாள் என்பது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

காதில் ஒரு மூச்சு கேட்டது. யாருடா அது என்று முறைக்கத் தலையைத் தூக்கினேன். மூலையில், ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்தபடி அக்கா. முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு கதவுப் பக்கம் பாய்ந்தேன்.

அக்கா கையை உயர்த்திப் பொறு என்றாள்.

அந்த மூச்சு காதுக்குள் இரைத்தது, தடுக்கியது, மறுபடி இரைத்தது. கடைசியில் அவளே எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். “மன்னிச்சிடுங்க. நீங்க இருந்ததைக் கவனிக்கல.”

“கெடுத்துட்டேன்ல? என் மூச்சு விழுந்திருக்குமே.”

“விழுந்தா விழட்டும்.” என் வாயிலிருந்தா இது என்று யூனிட்டே வாயைப் பிளந்தது.

“வேணாம்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னொரு தடவை எடுங்க. இந்தத் தடவை கதவை நான் சாத்துறேன்.”

உள்ளே வந்தாள், சாத்தினாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை. அதைப் பிடித்தபடியே நின்றாள். பதிவு முழுக்க அவள் மூச்சுதான். நான் ‘உஷ்’ சொல்லவில்லை.

பதிவு முடிந்தும் அவள் கையை எடுக்கவில்லை.

“டேய், கடைசிக் காட்சியா இதைப் படம் எடு,” என்றாள் தம்பியிடம். “இது பொய் இல்ல.”