தூசிக் கணக்கு

ஆர்த்திகா படிக்க வந்தது விலங்கியல். அதில் இந்த இயற்பியல் எங்கிருந்து வந்து தலையில் விழுந்ததோ! போதாக்குறைக்குக் கம்ப்யூட்டரில் வேறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அந்தப் பாடம் எடுத்த டயானா மிஸ் தன் லேப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புத்தகத்துக் கணக்கு கூடாது. அவரவர் வீட்டில் நடப்பதைத்தான் புரோகிராமாக எழுத வேண்டும். ஆர்த்திகா அப்பாவின் நுரையீரலை எழுதினாள்.

அப்பா கண்ணுச்சாமிக்கு மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் துளை போடும் வேலை. விடாத இருமல். அந்த வேலையை விட்டுத் தொலைக்கச் சொல்லி அம்மா சுந்தரம்மாள் நச்சரிக்காத நாளில்லை. மூச்சில் இவ்வளவு தூசி உள்ளே போகும், நுரையீரல் இவ்வளவை வெளியே தள்ளும் என்று எழுதி ஓட்டினாள் மகள். திரையில் கோடு மேலே ஏறி, ஓரிடத்தில் படுத்துவிட்டது. அதற்குமேல் தூசி சேராது! பிள்ளைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே போனில் அதை வீட்டில் காட்டினாள்.

"பாத்தியா, எம்மக கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்துருச்சு. இனி வாயத் தொறக்காத" என்றார் அப்பா. அம்மா நச்சரிப்பதை விட்டாள்.

அடுத்த வகுப்பில் மிஸ் அந்தப் புரோகிராமைப் பார்த்து முகம் சுளித்தார். "வெளிய தள்ளுற அளவ எங்கருந்தும்மா எடுத்த?"

"சாதாரணத் தூசிக்கு உள்ளது மிஸ்."

"கல்தூசி அப்படிப் போகாதும்மா. வெளிய தள்ளுற செல்லையே அது கொன்னுரும். அந்த எண்ணக் குறைச்சு ஓட்டிப் பாரு."

ஓட்டினாள். கோடு படுக்கவே இல்லை. ஐயோ, அப்பாவைத் திரும்ப அந்தக் குழிக்குள் அனுப்பியவள் நான்தானே!

வேலை முடிந்து வந்த அப்பாவை மேலூர் பஸ் ஸ்டாண்டிலேயே மறித்துக்கொண்டாள். "தப்பாப் போட்டுட்டேன்ப்பா. நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க" என்று அழுதாள்.

அவர் இருமி முடிக்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. "எனக்குத் தெரியும் தாயி. போன மாசமே ஆஸ்பத்திரில படம் எடுத்துட்டாக. ரெண்டு பக்கமும் போச்சாம்."

"பெறகு எதுக்குப்பா போறீங்க?"

"விட்டாலும் போனது திரும்பாதாம். ஒம் படிப்பாச்சும் முடியட்டும். நீ காட்டுனத நம்பி உங்கம்மா இப்பத்தான் கண்ணசருது. அதக் கெடுத்துறாத."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வீட்டில் அம்மா இருவருக்கும் சோறு போட்டாள். "அந்தக் கணக்குக்கு ஒங்க மிஸ்ஸு எம்புட்டு மார்க்குடி போட்டாக?" என்று ஆசையாய்க் கேட்டாள்.

அப்பா தட்டைவிட்டு நிமிரவில்லை.

"முழு மார்க்கும்மா" என்றாள் ஆர்த்திகா.